மந்திரியின் ஆட்கள்

சண்முகலிங்கம் களஞ்சியத்தின் ஏணியில் நின்று, மேல்தட்டில் ஒளிந்திருந்த ஆணிப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து அழைப்பு வந்தது. நிறோஷினி கொப்பன்ஹேகனில் மிருக வைத்தியம் படிக்கிறாள், கடைசி வருடம். வேலை நேரத்தில் அழைக்கிற பிள்ளை அல்ல. அழைத்தால் அது மந்திரியின் இரத்தம் பற்றித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்தபடி மறுகையால் போனைக் காதில் வைத்தார்.

"அப்பா, முழிச்சிட்டினம்," என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "மந்திரியின்ர ஆக்கள் முழிச்சிட்டினம்."

அவர் போட்ட கூச்சலில் கீழே பாரந்தூக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் வண்டியை நிறுத்திவிட்டான். லொத்தர் விழுந்ததா என்று கேட்டான். அதைவிடப் பெரிசு, தன் பூனையின் வெண்குருதிக் கலங்கள் பங்கசுக் கிருமியை அடையாளம் கண்டுவிட்டன என்று சண்முகலிங்கம் தனக்குத் தெரிந்த டெனிஸில் விளக்கினார். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் டெனிஸ்காரனுக்கேயுரிய மரியாதையோடு 'தில்லுக்க' என்று வாழ்த்திக் கை கொடுத்துவிட்டுத்தான் போனான்.

மந்திரி கறுப்பும் வெள்ளையுமான ஒரு கடுவன் பூனை. எப்போதாவது வரும், வயிறு முட்டச் சாப்பிடும், எந்த உறுதிமொழியும் தராமல் போய்விடும் என்பதால் அந்தப் பெயரை வைத்தவர் சண்முகலிங்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு, மனைவி கமலாதேவியின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து இவருக்கு வைத்தார்கள். அடுத்தவரின் உறுப்பை உடம்பு அந்நியனென்று கண்டு அடித்து விரட்டாமலிருக்க, நோயெதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி வைக்கும் குளிசைகளை வாழ்நாள் முழுக்க விழுங்கவேண்டும். முதல் மாதங்களில் வீட்டுக்கு ஒரு சனமும் வரவில்லை. இருமல் தும்மலோடு யாரும் வந்துவிடக்கூடாதென்று கமலாதேவியே எல்லோரையும் தடுத்துவிட்டாள். அவர்கள் வசிக்கும் பிராண்டேயின் அந்த நீண்ட மாரிகாலத்தில், இருப்பறைக் கண்ணாடிக்கு வெளியே வந்து குந்திக்கொண்டு இவரை முறைத்துப் பார்த்த ஒரே சீவன் மந்திரிதான். இவர் உள்ளே, அது வெளியே. தேத்தண்ணி குடிப்பார், கதைப்பார், அது கொட்டாவி விடும். குணமாகி எழும்பியதும் முதல் வேலையாகக் கதவைத் திறந்து அதை உள்ளே விட்டார். வெளியே சொல்ல வெட்கப்பட்டாலும், தன் உயிரில் பாதியைக் காப்பாற்றியது கமலாதேவி, மீதியைக் காப்பாற்றியது அந்தப் பூனை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

போன மார்கழியில் மந்திரியின் காதுக்குப் பின்னால் காசளவு வட்டமாக மயிர் கொட்டியது. பிறகு முதுகில் ஒன்று, விலாவில் ஒன்று. சில்க்போர்க்கில் இருக்கும் மிருக வைத்தியர் ஹென்ரியேட்டெ பார்த்த உடனேயே படர்தாமரை, பங்கசால் வருகிற தோல்நோய் என்றாள். ஆரோக்கியமான பூனைக்கு இது சில மாதங்களில் தானாகவே போய்விடும், ஆனாலும் ஒரு இரத்தச் சோதனை செய்வோம் என்றாள். செய்தபோது வைரசும் இருந்தது. பூனைக்குப் பூனை கடிபட்டுப் பரவுகிற வைரசு, மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பூனையின் நோயெதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். "உங்கட குளிசை உங்களுக்குச் செய்யிற வேலையைத்தான் அப்பா, வைரசு மந்திரிக்குச் செய்யுது" என்று நிறோஷினி சொன்னபோது சண்முகலிங்கத்துக்கு எல்லாம் துலக்கமாக விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பூனைமேல் இருந்த பாசம் ஒரே வார்ட்டில் படுத்தவர்களின் பாசமாக மாறிப்போனது.

மந்திரியின் இரத்தத்தில் பங்கசுக்கு எதிரான பொருட்கள் ஏராளமாக இருந்தன. அதைக் கேட்டுச் சண்முகலிங்கம் மகிழ்ந்தார். மகள் உடனே அவரை இறக்கிவிட்டாள். அவை இருந்து பிரயோசனமில்லையாம். படர்தாமரையை விரட்ட வேறொரு வகைக் கலங்கள் தோலுக்கு நேரே வந்து இறங்கவேண்டுமாம். வைரசு சாய்த்துவிட்டது அவற்றைத்தான். அவருக்கு விளங்கவேண்டுமென்று பிராண்டே கோயில் தேரை உதாரணம் காட்டினாள்: ஒலிபெருக்கியில் கத்துகிறவர்கள் கணக்கில்லாமல் நிற்கிறார்கள், வடம் பிடிக்க ஆளில்லை. அவள் படிக்கும் இடத்தில் இந்த இரண்டு நோயும் சேர்ந்து வந்த பூனைகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி நடக்கிறது. மந்திரியையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். இரத்தத்திலிருந்து அந்தக் கலங்களைப் பிரித்துச் சிறு கிண்ணத்தில் வைத்து, கொன்ற பங்கசின் துண்டுகளைப் போட்டுப் பார்ப்பார்கள். எதிரியைத் தெரிந்த கலமென்றால் துள்ளி எழுந்து ஒரு பொருளைச் சுரக்கும். தை மாதம் பார்த்தபோது ஒரு அசைவும் இல்லை. மூன்று மாதம் மருந்து கொடுத்து, பங்கசின் வேகத்தைத் தணித்து, இப்போது மறுபடி பார்த்தபோதுதான் இந்தச் செய்தி. பேராசிரியர் நம்பாமல் திரும்பவும் செய்யச் சொன்னாராம். திரும்பவும் முழித்தே இருந்தார்களாம்.

ஆனால் கிண்ணம் வேறு, பூனை வேறு. வெள்ளிக்கிழமை ஹென்ரியேட்டெ பூனையைப் பார்க்கவேண்டும். இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்தால் இந்தப் பங்கசு தொற்றிய மயிர் பச்சையாக ஒளிரும். போனமுறை பார்த்தபோது ஒளிர்ந்த இடங்கள் இந்தமுறை குறைந்திருந்தால் வைத்தியம் தொடரும். குறையாவிட்டால், சண்முகலிங்கத்தைப் போன்ற ஒரு நோயாளி இருக்கிற வீட்டில், மனிதருக்கும் தொற்றக்கூடிய ஒன்றைச் சுமந்துகொண்டு அந்தப் பூனை இருக்கமுடியாது. வைரசும் பங்கசும் சேர்ந்த பூனையை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைப்பதுதான் வழி என்று ஹென்ரியேட்டெ முதலிலேயே சொல்லியிருந்தாள். எல்லோரும் சம்மதித்திருந்தார்கள். சண்முகலிங்கமும் வாயால் சம்மதித்திருந்தார்.

அதுவரை மந்திரி பின்கதவோடு இருக்கும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் சிறை. கமலாதேவி முதியோர் இல்லத்தில் வேலை செய்து பழகியவள். கையுறை போட்டு, மேலங்கி மாற்றி, மருந்து பருக்கி, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, நிலம் துடைத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். பூனை என்றாலே முகம் சுளிக்கிறவள் அவள். அவருக்காகச் செய்தாள், அதையும் அடிக்கடி சொல்லிக் காட்டினாள். சண்முகலிங்கம் கதவின் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அது நிறோஷினி போட்ட சட்டம்.

செய்தி வந்த அன்று மாலை அவர் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் கூட்டாளி குலேந்திரனுக்கு அழைத்தார். முன்பெல்லாம் இருவரும் கிரிக்கெட் கதைப்பார்கள். மார்கழியிலிருந்து மந்திரிதான் கதை. குலேந்திரன் போனை எடுத்தவுடன் "ஸ்கோர் என்ன?" என்றுதான் கேட்பார். அன்று ஸ்கோரைக் கேட்டதும் அவரும் சத்தம் போட்டார். பிறகு, ஆட்கள் முழித்துவிட்டார்கள், இனி ஒரு கை கொடுத்தால் ஒரே தள்ளில் முடிந்துவிடும், சின்னவயதில் தன் தலையில் வந்த படர்தாமரையைத் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள்தான் மாற்றியது என்றார். சண்முகலிங்கம் அதை மனதில் வைத்துக்கொண்டார். மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாமென்பாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. முதல்நாள் பின்னேரமே நிறோஷினி ரயிலில் வந்துவிட்டாள். மகள் வந்த சந்தோசத்தில் கமலாதேவி மீன்குழம்பு வைத்து, மூவரும் கையால் பிசைந்து வயிறாரச் சாப்பிட்டிருந்தார்கள். காலையில் தாயும் மகளும் மேல்மாடியில் ஏதோ பெட்டியைக் கிண்டிக்கொண்டிருக்க, இவர் குசினியில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தார். கையுறை போட்டுத்தான் தொடங்கினார். ஆனால் ரப்பர் விரலுக்கு மயிரின் அடி பிடிபடவில்லை. கழற்றிவிட்டார். மந்திரி அசையாமல் இருந்து தலையைத் தந்தது. வட்டம் வட்டமாகப் பூசி, மிச்சத்தையும் வீணாக்காமல் முதுகு நீளத்துக்குத் தடவி, குசினித்தாளால் நன்றாகத் துடைத்தும் விட்டார். காதும் முதுகும் கறுப்பு மயிர் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. மருந்துத் தண்ணீரின் நெடி மஞ்சள் வாசத்தை விழுங்கிவிட்டது. கையைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல காரைச் சூடேற்றப் போனார்.

சில்க்போர்க் போகும் பாதை முழுக்கக் கதைத்துக்கொண்டே ஓட்டினார். பின் இருக்கையில், கூட்டுக்குள் மந்திரி மும்முரமாகத் தன்னை நக்கிக்கொண்டு வந்தது. நிறோஷினியும் அன்று சும்மா இருக்கவில்லை. மந்திரியைப் போல வைரசு இருந்தும் முழித்துக்கொண்ட பூனை அவர்களின் ஆராய்ச்சியில் இதுதான் முதலாவதாம். எப்படி முழித்தது என்று கண்டால் மற்றப் பூனைகளுக்கும் வழி பிறக்குமாம். பாதித் தமிழிலும் பாதி டெனிஸிலும் அவள் சொல்லச் சொல்ல, கமலாதேவிகூட மந்திரியைக் கொஞ்சம் மதிப்போடு திரும்பிப் பார்த்தாள்.

ஹென்ரியேட்டெ யன்னல் திரையை இழுத்து, மின்விளக்கை அணைத்தாள். சண்முகலிங்கம் முகக்கவசத்தோடு கதவருகில் நிறுத்தப்பட்டிருந்தார். மேசையில் மந்திரி, ஒருபக்கம் நிறோஷினி, மறுபக்கம் கமலாதேவி. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று சிறிது நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஊதா விளக்கு எரிந்தது.

மந்திரி ஒளிர்ந்தது. காதிலிருந்து வாலடி வரை, விலா, வயிறு, நாலு கால்கள், மீசை நுனி கூட, பச்சையும் மஞ்சளுமாக, திருவிழாவுக்குச் சோடித்த சப்பறம் போல நின்று எரிந்தது. போனமுறை கண்டது மூன்று வட்டம். இப்போது ஒளிராத இடத்தைத் தேடவேண்டியிருந்தது. ஹென்ரியேட்டெ விளக்கைப் பூனையின் மேலே ஒருமுறை நகர்த்தினாள், திரும்பவும் நகர்த்தினாள். மற்றக் கையை எடுத்து மந்திரியின் முதுகில் மெல்ல வைத்தாள். அந்தக் கை வைத்த விதம் சண்முகலிங்கத்துக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி இல்லாதபோது தாதிமார் அவரின் தோளில் வைத்த கை அது.

"நான் பிழையா வாசிச்சிட்டன்," என்றாள் நிறோஷினி. கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "கிண்ணத்தில ஒண்டுமே முழிக்கேல்லை. ரெண்டு தரமும் நான்தான் பிழையா வாசிச்சிட்டன்."

கண்ணைத் துடைத்த அவளுடைய விரல் நுனிகளும் ஒளிர்ந்தன. கமலாதேவி வாயில் கை வைத்தபடி நின்றாள். அவளுடைய ஐந்து நகங்களும் ஒளிர்ந்தன. சண்முகலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கை ரேகையெல்லாம் பச்சை ஆறுகளாக ஓடின. அந்த அறையில் இருண்டிருந்த கை ஹென்ரியேட்டெயின் கை மட்டும்தான். அவருக்கு எல்லாம் ஒரே கணத்தில் வெளித்தது. அதே கணத்தில் இன்னொன்றும் வெளித்தது. மகளின் விரலிலும் மனைவியின் நகத்திலும் இருப்பது நேற்றைய மீன்குழம்பின் மஞ்சள். தன் கையையும் குழம்பின் கணக்கில் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், தொடக்கூடாததைத் தொட்டது ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் மந்திரி மீன்குழம்பு பிசைந்து சாப்பிடவில்லையே. இவர் வாய் திறக்காவிட்டால் அதற்கு ஊசி.

"அது பங்கசு இல்லை," என்றார் தமிழில். பிறகு ஹென்ரியேட்டெக்காக டெனிஸில் மஞ்சள் என்றார். பிறகு திரும்பவும் தமிழில், "நான்தான் பூசினன்."

ஹென்ரியேட்டெ அறையின் மின்விளக்கைப் போட்டாள். வெளிச்சத்தில் மந்திரி பழையபடி ஒரு சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பூனையாகச் சுருங்கி, எல்லோரையும் அலட்சியமாகப் பார்த்தது. ஹென்ரியேட்டெ அதன் முதுகை முகர்ந்தாள். தானும் தினமும் காலையில் உடம்புக்கு நல்லதென்று சின்னப் போத்தலில் விற்கும் மஞ்சள் சாற்றை வாங்கிக் குடிப்பதாகச் சொல்லிவிட்டு அடக்கமுடியாமல் சிரித்தாள். நிறோஷினி அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே "அப்பா" என்று பல்லைக் கடித்தாள். தன் கண் தன்னை ஏமாற்றவில்லை, ஆட்கள் முழித்துத்தான் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

சிரிக்காதவள் கமலாதேவி மட்டும்தான்.

"கையுறை போட்டனீங்களோ?"

"போட்டனான். பிறகு கழட்டிட்டன்."

"இண்டைக்கு மட்டுமோ?"

சண்முகலிங்கம் மந்திரியின் காதைப் பார்த்தார். மார்கழியிலிருந்து அவள் வேலைக்குப் போன காலைகளில் எத்தனை தரம் அந்தக் கதவைத் திறந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. திறந்து, ஒரு விரலால், ஒரேயொரு விரலால், காதுக்குப் பின்னால். அந்தப் பேசாமையை அவள் முழுதாகக் கேட்டு முடித்தாள். முப்பது வருடமாக அவரின் பேசாமையைக் கேட்டுப் பழகியவள்.

"நான் தந்தது உங்களிட்ட இருக்கு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அது உங்கட மட்டும் இல்லை. அதை வைச்சுக்கொண்டு நீங்கள் விளையாடேலாது."

அங்கேயே, அந்த அறையிலேயே, ஸ்வெற்றரைக் கழற்றச் சொன்னாள். தாயும் மகளுமாக அவரின் கைகளையும் கழுத்தையும் காதின் பின்புறத்தையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். வட்டமாக எதுவும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை சிறுநீரக வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றாள் நிறோஷினி. அவர் தலையாட்டினார். மந்திரி மேசையிலிருந்து இந்தப் பரிசோதனையை மிகுந்த அக்கறையோடு கவனித்தது.

எண்ணெய் ஊறிய இந்த மயிரில் விளக்கு இன்று எதையும் சொல்லாது, கழுவினாலும் மஞ்சள் சட்டென்று போகாது என்றாள் ஹென்ரியேட்டெ. பூதக்கண்ணாடியால் காதுக்குப் பின்னால் நெடுநேரம் பார்த்தாள், என்ன கண்டாள் என்று சொல்ல மறுத்துவிட்டாள். தூரிகையால் மயிரை வாரித் தட்டில் விதைத்தாள். பங்கசு இருந்தால் அதில் முளைக்கும். முளைக்கிறதா இல்லையா என்று தெரிய மூன்று கிழமை ஆகும். அதுவரை முடிவில்லை. நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டிவிட்டாள். அதோடு மந்திரி உண்மையாகவே ஒரு ஒலிபெருக்கி போல ஆகிவிட்டது. மூன்று கிழமை! காரில் ஏறியபோது சண்முகலிங்கத்துக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. ஆட்கள் தொடர்ந்து வடம் பிடிக்க மூன்று கிழமை. தன் மடத்தனம் வாங்கிக் கொடுத்த அவகாசம். குலேந்திரனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே, வீடுவரை கமலாதேவியே கார் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்தார்.

வீட்டில் உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவுக்குக் கமலாதேவி பூட்டுப் போட்டாள். சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்தாள். சண்முகலிங்கம் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானத்துக்குப் பிந்திய வெயில் பின் யன்னலால் சாய்வாக விழுந்திருந்தது. மந்திரி கூம்போடு தோய்க்கும் மெசினின் மேல் ஏறி, காதைச் சொறியக் காலைத் தூக்கியது. கால் பிளாஸ்டிக்கில் டக்கென்று பட்டது. திரும்பவும் தூக்கியது, திரும்பவும் பட்டது. பிறகு கண்ணாடியினூடாக அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் இந்தப்பக்கம் வரவில்லை. அவருக்குத் தாங்கவில்லை. அவர் குசினிப் பக்கம் திரும்பிக் கமலாதேவியைப் பார்க்கவும் துணியவில்லை.

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. மேலங்கியும் மஞ்சள் ரப்பர்க் கையுறையுமாக அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மந்திரியின் முன்னால் நின்றாள். மருந்து பருக்கவும் குளிப்பாட்டவும் அல்லாமல் அவள் அந்தப் பூனையைத் தொட்டதேயில்லை. கையை நீட்டி, முதுகில் வைத்து, சட்டி தேய்ப்பது போல இரண்டு இழுப்பு இழுத்தாள். மந்திரி விலகியது.

"அங்கயில்லை," என்றார் சண்முகலிங்கம், கண்ணாடிக்கு நெருங்கி. "காதுக்குப் பின்னால. ஒரு விரலால."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கூம்புக்குள் ஒரு விரலை விட்டாள். மந்திரியின் கண் மெல்ல மூடியது, தலை அவளுடைய விரலைத் தேடிச் சாய்ந்தது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் சண்முகலிங்கத்தின் தலையும் அதே பக்கம் சாய்ந்தது அவருக்குத் தெரியாது.

அவளுடைய விரல் நின்றது. குனிந்து கூம்புக்குள் பார்த்தாள். பிறகு மந்திரியைத் தூக்கிக் கதவடிக்குக் கொண்டுவந்து, காதை மடித்து, அந்த வட்டத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அவருக்கு முன்னால் பிடித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மஞ்சள் படிந்த வெறுந்தோலின் மேல், பக்கவாட்டு வெயிலில், தாடி மழித்த மறுநாள் கன்னம் போல, கரிய பொடி மயிராக ஏதோ குத்திட்டு நின்றது. நின்றது போலிருந்தது. அவர் விட்ட மூச்சில் கண்ணாடி புகார் படிந்து மங்க, அது மறைந்துபோனது. சட்டைக் கையால் அவசர அவசரமாகத் துடைத்துவிட்டு, மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.